வீடு மாறியவருக்கு வர வேண்டிய தபால் எங்கே நிற்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அனுப்பியவருக்கே திரும்பிப் போகும் தபால்களின் மேல் எழுதப்படும் காரணங்களில் ஒன்று, 'லெஃப்ட் வித்தவுட் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்'. தகவல் சொல்லாமல் வீடு மாறிவிட்டார் என்று அதற்குப் பொருள். வீடு மாறியதற்காக அந்தக் கவர் திரும்பிப் போகவில்லை, சொல்லாமல் மாறியதற்காகப் போகிறது. சொல்லியிருந்தால் அதே கவர் புதிய வீட்டுக்கு வந்திருக்கும். பள்ளித் தேர்வுகள் முடிந்து குடும்பங்கள் வீடு மாறும் காலம் இது. யாரிடம், எப்போது, எதைச் சொல்ல வேண்டும் என்று விவரமாக எழுத உங்கள் பத்திரிகையில் இடம் கேட்கிறேன்.

தபால் ஆளைத் தேடிப் போவதில்லை, கவரில் எழுதிய இடத்தைத் தேடிப் போகிறது. எந்த ஊரில் பெட்டியில் போட்டாலும், வழியில் உள்ள பிரிப்பு அலுவலகங்கள் முக்கியமாகப் பார்ப்பது பின்கோடைத்தான். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஆறு இலக்கங்களில், முதல் மூன்று எந்தப் பிரிப்பு மாவட்டம் என்பதையும், கடைசி மூன்று எந்தப் பட்டுவாடா அலுவலகம் என்பதையும் காட்டும். அதுவரை உங்கள் பெயரை யாரும் படிக்க வேண்டிய தேவையே இல்லை. பெயரைக் கவனித்துப் படிக்கும் முதல் ஆள், காலையில் தன் பீட்டுக்கு, அதாவது தான் சுற்றிவரும் தெருக்களுக்கு, வந்த கடிதங்களைத் தெருவாரியாக, வீட்டு வரிசையாக அடுக்கும் தபால்காரர்தான். அவர் உட்கார்ந்திருப்பது உங்கள் பழைய வீட்டுக்குரிய அலுவலகத்தில்.

ஆகவே, வீடு மாறிய தகவல் போய்ச் சேர வேண்டிய மேசை அதுதான். பழைய முகவரிக்கு வரும் தபாலைப் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பும்படி அங்கே எழுதிக் கொடுப்பதுதான் மறுமுகவரி மனு. புதிய வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தபால் நிலையத்துக்குப் போய் "ஒரு மாதமாக எனக்கு லெட்டரே வரவில்லை" என்று கேட்பவர்கள் நிறைய உண்டு. பழைய முகவரி எழுதிய கவர் அந்த அலுவலகத்துக்குள் வந்ததே இல்லை. தேடச் சொன்னால் அவர்கள் எங்கே தேடுவார்கள்?

பழைய அலுவலகம் என்றால் வீட்டுக்கு மிக அருகில் இருந்த தபால் நிலையம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பல அலுவலகங்களில் தபால்தலை வாங்கலாம், சேமிப்புக் கணக்கு வைக்கலாம், ஸ்பீட் போஸ்ட் அனுப்பலாம். ஆனால் அங்கிருந்து தபால்காரர் யாரும் புறப்படுவதில்லை. இவை பட்டுவாடா இல்லாத அலுவலகங்கள். அங்கே கொடுத்த மனு உரிய மேசைக்குப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்க முடியாது. தெருவுக்கு வரும் தபால்காரரிடமே "நீங்கள் எந்த அலுவலகத்திலிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அஞ்சல் துறையின் இணையதளத்தில் பின்கோடு தேடும் பகுதியிலும் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் எதிரே அது பட்டுவாடா அலுவலகமா இல்லையா என்று காட்டியிருப்பார்கள். கடிதத்துக்கு ஓர் அலுவலகம், பார்சலுக்கு வேறொரு பட்டுவாடா மையம் என்று பிரித்திருக்கும் இடங்களும் உண்டு. மனு கொடுக்கும்போதே அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுமுகவரி மனுவுக்கு அச்சிட்ட படிவம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வெள்ளைத் தாளில் அந்த அலுவலகத்தின் அஞ்சல் அதிகாரிக்கு எழுதினால் போதும். பழைய முகவரி முழுமையாக, புதிய முகவரி முழுமையாக, இரண்டுக்கும் பின்கோடு, எந்தத் தேதியிலிருந்து, கைபேசி எண், கையெழுத்து. இதற்கு மேல் பலரும் விட்டுவிடுவது ஒன்று இருக்கிறது: பெயர்கள்.

'குடும்பத்தினர் அனைவருக்கும்' என்று எழுதிய மனு தபால்காரருக்கு உதவாது. கவரில் இருப்பது தனித்தனிப் பெயர். அதிலும் நம் பெயர்கள் ஓர் ஆவணத்தில் இருப்பது போல் இன்னொன்றில் இருப்பதில்லை. வாக்காளர் அட்டையில் க. முருகேசன், வங்கியில் முருகேசன் கந்தசாமி, காப்பீட்டு நிறுவனத்தில் கே. முருகேஷ். மூவரும் ஒருவரே என்று பல வருடம் அந்தத் தெருவுக்கு வந்த தபால்காரருக்குத் தெரியும். அவர் விடுப்பில் போனால் வரும் மாற்று ஆளுக்குத் தெரியாது. திருமணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல் என்று இரண்டு வகையாகவும் தபால் வரும் பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். கவர்களில் எந்தெந்த வடிவில் பெயர் வருகிறதோ அத்தனையையும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் அச்சாகி வரும் கவர்களே அதிகம் என்பதால் அந்த எழுத்துகளிலும் ஒரு முறை எழுதுங்கள். வயது வந்தவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பெயருக்கு எதிரே கையெழுத்திடுவது நல்லது. ஒருவருடைய தபாலை இன்னொருவர் திருப்பிவிடக் கூடாது என்பதற்காக அலுவலகத்தில் அடையாள ஆவணம் கேட்பார்கள். அது தொல்லை அன்று, உங்களுக்கான பாதுகாப்பு. ஆதார் நகலும், வாடகை ஒப்பந்தம் போன்ற புதிய முகவரிச் சான்றின் நகலும் கையில் இருக்கட்டும்.

மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் அலுவலகத்தின் தேதி முத்திரையைப் பெற்று வாருங்கள். பின்னால் புகார் எழுத நேர்ந்தால் அந்த முத்திரைதான் பேசும். மறுமுகவரிக்குக் காலவரம்பு உண்டு. எதுவரை செல்லும் என்று கேட்டு, அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்பே புதுப்பிக்க வேண்டும் என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வீடு மாறும் நாளுக்கு ஐந்தாறு நாள் முன்னதாகவே மனுவைக் கொடுப்பது நல்லது. சாமான்களை ஏற்றிவிட்டுக் கடைசி நாளில் கொடுத்தால், மனு எழுத்தர் கையிலிருந்து பீட் தபால்காரர் கைக்குப் போவதற்குள் நாலைந்து கவர்கள் திரும்பிப் போயிருக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் தவறுகள் நடக்கும். ஏன் நடக்கின்றன என்று தெரிந்தால் தடுக்கலாம். மறுமுகவரி என்பது பெரும்பாலும் கையால் நடக்கும் வேலை. தபால்காரர் கவரை எடுக்கிறார், பெயரை நினைவில் கொள்கிறார் அல்லது ஒட்டிவைத்த பட்டியலைப் பார்க்கிறார், பழைய முகவரியை அடிக்கிறார், புதியதை எழுதுகிறார், அடுத்த பையில் சேர்க்கிறார். பீட் எல்லையை மாற்றி அமைத்தால் பட்டியல் பழைய ஆளிடமே தங்கிவிடும். மாற்று ஆள் வந்தால் பட்டியல் அவர் கண்ணில் படாமல் போகும். கண்ணாடிக் கவரில் முகவரி உள்ளே இருக்கும் தாளில் இருப்பதால் அடித்து எழுத முடியாது. அந்தக் கவருக்கு மேலே சீட்டு ஒட்ட வேண்டும், அந்தச் சீட்டு வழியில் உரிந்தால் கவர் மறுபடியும் பழைய ஊருக்கே போகும். இதற்கு எளிய உதவி ஒன்று செய்யலாம். உங்கள் பெயரும் புதிய முகவரியும் பெரிய எழுத்தில் அச்சிட்ட பின்பக்கம் பசையுள்ள சீட்டுகள் இருபது முப்பதை மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். எழுதும் வேலையும் மிச்சம், கையெழுத்துப் புரியாத சிக்கலும் இல்லை.

மறுமுகவரி வேலை செய்கிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை, சோதித்தே பார்த்துவிடலாம். புதிய வீட்டுக்குப் போன மூன்றாம் நாள், உங்கள் பெயருக்கே இரண்டு அஞ்சலட்டைகள் எழுதி ஒரே பெட்டியில் போடுங்கள். ஒன்றில் பழைய முகவரி, மற்றதில் புதிய முகவரி. இரண்டும் வந்தால் எல்லாம் சரி. புதிய முகவரி அட்டை மட்டும் வந்தால் கோளாறு பழைய அலுவலகத்தில். பழைய முகவரி அட்டை வந்து புதியது வராவிட்டால், நீங்கள் எழுதும் புதிய முகவரியில் ஏதோ பிழை. வந்து சேர்ந்த அட்டையில் தபால்காரர் அடித்து எழுதிய முகவரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும். இரண்டும் வராவிட்டால் புதிய வீட்டின் வாசலிலிருந்து விசாரணையைத் தொடங்குங்கள். அட்டைகளில் விழுந்த முத்திரைத் தேதிகளைப் பார்த்தால் எங்கே எத்தனை நாள் தங்கியது என்பதும் ஓரளவு புலப்படும்.

மறுமுகவரி செய்யாத வேலைகளையும் சொல்ல வேண்டும். தனியார் கூரியர் எதற்கும் அஞ்சலகத்தில் கொடுத்த மனு பொருந்தாது. வங்கிகள் ஏடிஎம் அட்டையையும் காசோலைப் புத்தகத்தையும் சில நேரம் ஸ்பீட் போஸ்டிலும் சில நேரம் கூரியரிலும் அனுப்புகின்றன. கூரியரில் வந்தது பழைய வாசலோடு நின்று, வங்கிக்கே திரும்பிவிடும். பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்டில்தான் வரும், ஆனால் விண்ணப்பத்தில் உள்ள முகவரியில் விண்ணப்பித்தவரிடம் மட்டுமே தருவார்கள். ஆள் இல்லாவிட்டால் மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே திரும்பும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருப்பவர்கள், அது கைக்கு வந்த பிறகு வீடு மாற முடியுமானால் அப்படியே செய்யுங்கள். போலீஸ் விசாரணையும் அதே முகவரியில்தான் நடக்கும்.

மறுமுகவரியில் வரும் தபால் கூடுதல் பயணம் செய்து வருகிறது என்பதையும் மறக்கக் கூடாது. பழைய அலுவலகம் வரை வந்து, அங்கிருந்து மறுபடியும் பையேறி, பிரிப்பு அலுவலகம் போய், புதிய அலுவலகம் வர வேண்டும். நேர்காணல் அழைப்பு, தேர்வு நுழைவுச் சீட்டு, பணி நியமனக் கடிதம் போன்ற தேதி வைத்து வரும் தபால்கள் நாள் கடந்து வந்து பயனில்லை. வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில், விண்ணப்பித்த ஒவ்வோர் இடத்துக்கும் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு முகவரி மாற்றத்தைத் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் இதில் சேரும். இரண்டு வருடத்துக்கு முன் போட்ட விண்ணப்பத்துக்கு இப்போது பதில் வருவது புதிதல்ல.

எனவே மறுமுகவரியை இடைக்கால ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொண்டு, அனுப்புகிறவர்களிடம் முகவரியை மாற்றுவதில் இறங்குங்கள். இங்கே வரிசை முக்கியம். முதலில் புதிய முகவரிக்கு ஒரு சான்று. அதை வைத்து ஆதார். ஆதாரை வைத்து மற்றவை. ஆதாருக்கு முன்பே வங்கிக்குத் தெரிவிக்கவும் வழி இருக்கிறது. முகவரி மட்டும் மாறியிருந்தால், பதிவு செய்த மின்னஞ்சல், கைபேசி, ஏடிஎம், இணைய வங்கி அல்லது கடிதம் வழியாக வாடிக்கையாளர் தானே எழுதித் தரும் உறுதிமொழியை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகள், அதாவது வாடிக்கையாளர் யார் என்று வங்கி உறுதி செய்துகொள்வதற்கான விதிகள், சொல்கின்றன. அப்படிச் சொன்ன முகவரியை வங்கி இரண்டு மாதத்துக்குள் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்கும் வழிகளில் ஒன்று, புதிய முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பிப் பார்ப்பது. அந்தக் கடிதம் 'இப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று திரும்பினால் நீங்கள் செய்த மாற்றமே கேள்விக்குள்ளாகும். ஆகவே வங்கிக்குச் சொல்வதற்கு முன்பே புதிய வீட்டு வாசலில் பெயர்ப்பலகை தொங்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, இரண்டு முகவரிக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம்.

வங்கிப் பதிவில் நிரந்தர முகவரி, தொடர்பு முகவரி என்று இரண்டு இருக்கும். தபால் போவது தொடர்பு முகவரிக்கு. கிளையில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "மாற்றியாயிற்று" என்று சொல்லி அனுப்பிவிடுவது உண்டு. கடன் அட்டை, வீட்டுக் கடன், லாக்கர் ஆகியவற்றின் பதிவுகள் சேமிப்புக் கணக்கோடு தானாக மாறும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொன்றையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாக்காளர் பட்டியலுக்கு இப்போது படிவம் 8 போதும், தொகுதிக்குள் மாறினாலும் வேறு தொகுதிக்கு மாறினாலும் அதே படிவம்தான். வண்டியின் பதிவுச் சான்றில் முகவரி மாற்றத்தை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு. சந்தா கட்டிப் பத்திரிகை வாங்குபவர்கள், முகவரிச் சீட்டுகளை முன்கூட்டியே அச்சிட்டுவிடுவார்கள் என்பதை மனத்தில் வைத்து, இரண்டு இதழ்களுக்கு முன்பே சந்தா எண்ணோடு எழுதிப் போடுங்கள்.

முகவரியை மாற்றாமல் விட்டால் என்ன பெரிய நஷ்டம், எல்லாம்தான் கைபேசியில் வருகிறதே என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவிப்பு சேர்ந்துவிட்டதாகவே முதலில் கொள்ளப்படும். சேரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. காசோலை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் 2007-இல் இந்த ஊகத்தை உறுதி செய்திருக்கிறது. காசோலை திரும்பியதற்கான அறிவிப்பு கிடைத்தால் பணம் கட்ட 15 நாள்தான். அந்த அறிவிப்பு பழைய வீட்டுப் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருந்தால், 'எனக்குத் தெரியவே தெரியாது' என்பதை நீதிமன்றத்தில் ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும். கடன் வாங்கியவர்கள், ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள், நிலுவையில் வழக்கு உள்ளவர்கள் ஆகியோர் முகவரி மாற்றத்தை எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வாய்ச் சொல் போதாது.

2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் தனிச் சேவையாக இல்லாமல் ஸ்பீட் போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஸ்பீட் போஸ்ட் முகவரிக்குப் போவது; வீட்டில் இருப்பவர் வாங்கிக்கொள்ளலாம். அதோடு 'ரிஜிஸ்ட்ரேஷன்' சேர்த்து அனுப்பினால், பெயருக்குரியவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் தர வேண்டும். பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்கள், பெற்றோருக்கோ பக்கத்து வீட்டாருக்கோ அதிகாரம் கொடுத்து ஒரு கடிதத்தைப் புதிய அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். கதவு பூட்டியிருந்தால் தபால்காரர் அறிவிப்புச் சீட்டு விட்டுப் போவார். தபால் அலுவலகத்தில் பொதுவாக 7 நாள் இருக்கும், பிறகு திரும்பிவிடும். அந்தச் சீட்டு பூட்டிய கதவின் இடுக்கில் செருகப்பட்டுக் காற்றில் பறந்து போவது சாதாரணம். வாசலில் ஒரு பெட்டி இருந்தால் சீட்டு தங்கும்.

இனி புதிய முகவரியை எழுதும் விதம். இதில் நம் ஊர்களுக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டும் புழக்கத்தில் உள்ள தெருக்களில் '12/7' என்று எழுதினால், 12-ஆம் எண் கட்டடத்தில் 7-ஆம் வீடா, புதிய எண் 12 பழைய எண் 7-ஆ என்று யாருக்கும் தெரியாது. 'புதிய எண் 12, பழைய எண் 7' என்று முழுதாக எழுதுங்கள். 'பிளாட் எண்' என்பது இன்னொன்று. மனைக்கும் தமிழில் பிளாட், அடுக்ககத்து வீட்டுக்கும் பிளாட். தமிழில் எழுதும்போது 'மனை எண் 34', 'வீட்டு எண் எஃப்-2, முதல் தளம்' என்று பிரித்தே எழுத வேண்டும். புதிய மனைப்பிரிவுகளில் பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணை முகவரியில் போடுவதால் தபால்காரருக்குப் பயன் எதுவும் இல்லை. அவர் அந்த எண்ணை எந்த வாசலிலும் பார்த்ததில்லை.

பின்கோடு தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வீண். சென்னையில் அண்ணா நகர் 600040, மதுரையிலும் ஓர் அண்ணா நகர் உண்டு, அது 625020. காந்தி நகர் இல்லாத ஊர் இல்லை. ஒரே தெருவின் இரு பக்கமும் வெவ்வேறு பின்கோட்டில் இருப்பதும் உண்டு. வீட்டுத் தரகரோ கட்டுநரோ சொன்ன பின்கோடை அப்படியே எழுதாமல், பக்கத்து வீட்டுக்கு அண்மையில் வந்து சேர்ந்த கவரைப் பார்த்துச் சரிபாருங்கள். வரைபடச் செயலி காட்டும் பின்கோடும் எல்லையோரங்களில் தவறலாம்.

கிராமங்களில் வேறு மாதிரி. பல கிளை அஞ்சலகங்களுக்கு, அவற்றுக்கு மேலே உள்ள கணக்கு அலுவலகத்தின் (பெரும்பாலும் ஒரு துணை அஞ்சலகம்) பின்கோடே பொது. பத்துப் பதினைந்து ஊர்கள் ஒரே எண்ணில் வரும். அங்கே 'இன்ன ஊர் அஞ்சல்' என்ற வரி இல்லாவிட்டால் கடிதம் துணை அஞ்சலகத்தில் வந்து திகைத்து நிற்கும். இணையப் படிவங்களில் அந்த வரிக்கு இடம் இருக்காது. தெருப் பெயரோடு சேர்த்து அதே கட்டத்தில் எழுதிவிடுங்கள். பெரும்பாலான படிவங்களில் ஒரு வரிக்கு எழுத்து எல்லை உண்டு. நீளமான முகவரியின் கடைசிப் பகுதிதான் வெட்டுப்படும். முக்கியமான கதவு எண்ணையும் வீட்டு எண்ணையும் முதல் வரியின் தொடக்கத்தில் வைத்தால் அவை தப்பும். 'பிள்ளையார் கோவில் அருகில்' போன்ற அடையாளம் வெட்டுப்பட்டாலும் பெரிய பாதகம் இல்லை.

2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டிருக்கிறது. நாட்டின் பரப்பை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் தந்திருக்கிறார்கள். பெயரில்லாத சாலையில் புது வீடு கட்டியவர்களுக்கு நல்ல உதவி. ஆனால் அது பின்கோடுக்கு மாற்று இல்லை. அடுக்ககத்தில் மேலே உள்ள வீட்டுக்கும் கீழே உள்ள வீட்டுக்கும் கட்டம் ஒன்றேதான். எனவே தளமும் வீட்டு எண்ணும் எழுதியே ஆக வேண்டும்.

அடுக்ககங்களில் தபால் தொலைவது பெரும்பாலும் தபால் பெட்டி வரிசையில். முன்பிருந்தவர் பெயர் பெட்டியில் அப்படியே இருக்கும், புதியவரின் தபாலைத் தபால்காரர் எதில் போடுவது? குடிபோன அன்றே பெட்டியில் பழைய சீட்டைக் கிழித்து, உங்கள் பெயர்களைக் கவரில் வரும் வடிவிலேயே எழுதி ஒட்டுங்கள். பூட்டு மாற்றுங்கள், பழைய சாவி யார் யாரிடம் இருக்கிறதோ தெரியாது. வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்து எழுதினால் தபால்காரருக்கு அடையாளம் எளிது. காவலாளியிடம் தபாலை ஒட்டுமொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போகும் கட்டடங்களில், ஸ்பீட் போஸ்டுக்கு ஒரு நோட்டு வைத்துத் தேதி, எண், வாங்கியவர் கையெழுத்து எழுதச் சொல்லிச் சங்கத்தில் கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் தபால்காரர் வரும் நேரத்தில் வீட்டில் இருந்து அவரைப் பார்த்துப் பேசிவிட்டால் இவற்றில் பாதி வேலை குறையும்.

தவறு நடந்தால் எங்கே கேட்பது? ஸ்பீட் போஸ்ட் என்றால் பதின்மூன்று எழுத்து எண் ஒன்று இருக்கும். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் மற்ற எட்டையும் வைத்துக் கணக்கிடப்பட்ட சரிபார்ப்பு இலக்கம் என்பதால், ஒன்று மாறி எழுதினாலும் பெரும்பாலும் எண் செல்லாது. அனுப்பியவரிடம் வாய் வார்த்தையாக வாங்காமல் ரசீதின் படத்தையே வாங்குங்கள். அந்த எண்ணை இணையத்தில் போட்டால் கடைசியாக எந்த அலுவலகத்தில் இருந்தது, என்ன காரணம் எழுதப்பட்டது என்று தெரியும். 'டோர் லாக்ட்' என்றால் ஆள் இல்லை. 'இன்சஃபிஷியன்ட் அட்ரஸ்' என்றால் முகவரி போதாது. தவறு அனுப்பியவரின் பதிவில். முதலில் சொன்ன 'லெஃப்ட்' என்றால் உங்கள் மனு அந்த மேசைக்குப் போகவில்லை. முத்திரையிட்ட நகலோடு பழைய அலுவலகத்தின் அஞ்சல் அதிகாரியைப் பாருங்கள். அங்கே தீராவிட்டால் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். துறையின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 266 6868, இணையதளத்திலும் புகார் பதியலாம். சாதாரணத் தபாலுக்கு எண் கிடையாது. அதற்கு நீங்கள் காட்டக்கூடிய சான்று, தாமதமாக வந்த கவர்தான். முத்திரைகளோடு அதை வைத்திருங்கள், பிரித்ததும் குப்பையில் போட்டுவிட வேண்டாம்.

அஞ்சல் துறையிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பட்டுவாடா அலுவலகத்திலும் மறுமுகவரி மனுவின் மாதிரியையும் அதன் காலவரம்பையும் தமிழில் எழுதி, மக்கள் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். மனு கொடுப்பவருக்கு எண்ணிட்ட ஒப்புகை தர வேண்டும். பீட் கைமாறும் நாளில் மறுமுகவரிப் பட்டியலும் கைமாறியதா என்று பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். வெயிலில் தெருத் தெருவாக அலையும் தபால்காரர்கள் தங்கள் நினைவாற்றலால் இதுவரை இந்த வேலையைத் தாங்கி வந்திருக்கிறார்கள். அவர்கள் ஓய்வுபெறும்போது அந்த நினைவும் போய்விடுகிறது.

கடைசியாக, புதிய வீட்டுக்கு வந்து சேரும் முன்னவரின் தபால். இது வந்தவர்களுக்குத் தொல்லையாகத் தெரியலாம், ஆனால் யாரோ ஒருவரின் ஓய்வூதியக் கடிதமாகவோ கல்லூரி அனுமதிக் கடிதமாகவோ இருக்கலாம். பிரிக்க வேண்டாம், கிழிக்க வேண்டாம், மாதக்கணக்கில் அடுக்கி வைக்கவும் வேண்டாம். முகவரியை மறைக்காமல் கவரின் முன்பக்கம் 'வீடு மாறிவிட்டார்' என்று எழுதி மறுநாள் தபால்காரரிடமே கொடுங்கள். புதிய முகவரி தெரிந்தால் அதையும் எழுதுங்கள். அனுப்பியவர் முகவரி கவரில் இருந்தால் அவருக்குத் திரும்பிப் போகும். இல்லாவிட்டால் திரும்பு கடித அலுவலகத்துக்குப் போய், அங்கே அதற்கென்று உள்ள ஊழியர்கள் பிரித்துப் பார்த்து அனுப்பியவரைத் தேடுவார்கள். உங்கள் பழைய வீட்டுக்கு இப்போது குடிவந்திருப்பவரிடமும் இதையே கேட்டுக்கொண்டு, உங்கள் முகவரிச் சீட்டுகள் நாலைந்தையும் கைபேசி எண்ணையும் அவரிடம் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
பட்டுவாடாப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்